பகடைக்கு மேல் ஓர் அதிகாரி

கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலையில் திரளும் கூட்டத்தில் சாமி கும்பிட வந்தவர்களோடு மாடு வாங்க விற்க வந்தவர்களும் உண்டு. தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை சுற்றுவட்டார விவசாயிக்கு ஆண்டின் பெரிய வரவு செலவு நடக்கும் இடம். உழவு மாட்டை விற்றவன் மடியில் அன்று மாலை இருக்கும் ரொக்கம், வேறு எந்த நாளிலும் அவன் மடியில் இருக்காது. ரொக்கமும் கூட்டமும் சேரும் இடத்துக்குச் சூது தானாக வந்து சேரும். தமிழகத்துத் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் ஆடப்படும் லங்கர் கட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆறு கட்டம் வரைந்த துணி ஒன்று தரையில் விரிந்திருக்கும். கட்டத்துக்கு ஒரு படம். அதே ஆறு படங்கள் கட்டையின் ஆறு முகத்திலும் இருக்கும். பிடித்த படத்தின் மேல் பணம் வைக்க வேண்டும், கட்டைக்காரர் டப்பாவைக் குலுக்கிக் கவிழ்ப்பார். மூன்று கட்டை வைத்து ஆடினால், வைத்த படம் ஒன்றில் விழுந்தால் ஒரு மடங்கு, இரண்டில் விழுந்தால் இரு மடங்கு, மூன்றிலும் விழுந்தால் மும்மடங்கு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டால் வேறு கதை. மூன்று கட்டைகள் விழும் வகை மொத்தம் 216. ஒவ்வொரு வகைக்கும் ஒரு ரூபாய் வைத்தால் 125 இடங்களில் பணம் போகும். 75 இடங்களில் ஒரு ரூபாயும், 15 இடங்களில் 2 ரூபாயும், ஒரே ஓர் இடத்தில் 3 ரூபாயும் வரும். வந்தது 108, போனது 125. கட்டையில் எந்தத் தில்லுமுல்லும் இல்லாமலே, நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 8 ரூபாய் கட்டைக்காரர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இரவு முழுக்க ஆடினால் மாடு விற்ற பணம் மாட்டின் பின்னாலேயே போய்விடும்.

அந்த எட்டு ரூபாய் யாருக்குப் போகிறது, அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி அரசுகளை இரண்டாயிரம் ஆண்டுகளாக விடவில்லை. 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி முகமது நசிமுத்தீன் தலைவராக அமர்த்தப்பட்டபோது, ஏதோ புதிதாக முளைத்த வேலை என்று பலரும் எண்ணினார்கள். வேலை பழையது. சூதுக்கு மேல் ஓர் அதிகாரியை உட்கார வைப்பதைப் பழங்கால அரசர்கள் செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அந்த வேலையைக் காவல்துறையிடம் விட்டார்கள். சுதந்திர நாட்டின் மாநில அரசோ தானே சீட்டு விற்றது. இந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் எனக்கு ஒன்று உறுதியாகிறது. அந்த நாற்காலியில் உட்காருபவர் நல்லவரா, கண்டிப்பானவரா என்பதைவிட, அந்த நாற்காலி யாருக்காகப் போடப்பட்டது என்பதுதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. அது தோற்றவனுக்காகப் போடப்பட்டிருக்க வேண்டும். அப்படித்தானா என்று அறிய இரண்டு சோதனை போதும். சூதின் வருமானம் அந்த அதிகாரியின் கணக்கில் சேர்கிறதா? தோற்றவன் பயமில்லாமல் அவரிடம் போய் நிற்க முடிகிறதா?

சூது நமக்கு வெளியிலிருந்து வந்த தீமை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கீழடி அகழாய்வில் பகடைக்காய்கள் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஒரு பாழ்பட்ட பொதியிலைக் காட்டுகிறார். நரைத்த முதியவர்கள் உட்கார்ந்து வல்லாடிய இடம் அது. காய் உருட்டி உருட்டித் தரை குழிந்து போயிருக்கிறது. ஊர் அழிந்த பின் அந்தக் குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. கல்லும் மண்ணும் தேயும் அளவுக்கு ஆடியிருக்கிறார்கள், அதுவும் தெய்வம் உறைந்த இடத்தில். திருவள்ளுவர் ‘சூது’ என்ற 94ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமைக்கு அடுத்து, மருந்துக்கு முந்தி. வெற்றி கிடைத்தாலும் அது மீன் விழுங்கிய தூண்டில் என்பது அவர் வாதம். ஆனால் எனக்கு அந்த அதிகாரத்தைவிட முக்கியமாகப் படுவது 756ஆம் குறள். வேந்தனுக்கு உரிய பொருள் எவை என்று அங்கே பட்டியல் போடுகிறார்: உரியவர் இல்லாமல் வந்து சேரும் பொருள், சுங்கம், பகைவரிடம் பெறும் திறை. சூதின் பங்கு அதில் இல்லை. கள்ளும் சூதும் நாட்டில் இருப்பது தெரிந்தும், அவற்றை அரசன் வருமானக் கணக்கில் அவர் எழுதவில்லை. அறநூல் எழுதியவர் அப்படித்தான் எழுதுவார் என்று சிலர் சொல்லக்கூடும். பொருட்பால் அரசாட்சியைப் பேசுகிறது. அமைச்சு, ஒற்று, படை என்று நடைமுறை தெரிந்தே பேசுகிறது. வரியைப் பற்றி எழுதத் தெரிந்தவர் இதை மட்டும் மறந்து விட்டார் என்று நான் நம்பமாட்டேன்.

கௌடில்யர் நேர் எதிர். அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடி நம் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்துத்தான் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஆர். சாமசாஸ்திரி அதை 1909இல் அச்சிட்டார். அதன் மூன்றாம் பகுதியின் கடைசி அத்தியாயத்தில் சூதாட்டக் கண்காணிப்பாளர் என்ற அதிகாரி வருகிறார். சூதாட்டம் எல்லாம் ஒரே இடத்தில் நடக்க வேண்டும், வேறு இடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். மறைவாகப் பிழைப்பவர்களை அடையாளம் காண்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று காரணமும் சொல்லப்படுகிறது. காயும் சோழியும் கலப்படமில்லாமல் கொடுக்க வேண்டியது அதிகாரியின் பொறுப்பு. மாற்றிப் போட்டால் தண்டம். வென்றவரிடம் நூற்றுக்கு 5 எடுத்துக்கொள்ள வேண்டும், காய் வாடகையும் தண்ணீருக்கும் இடத்துக்கும் கட்டணமும் தனி. இன்றைய சூதாட்ட விடுதிச் சட்டங்களில் இருக்கிற உரிமம், சோதனை, வரி மூன்றும் அங்கே இருக்கின்றன. காவலும் கல்லாவும் ஒரே கையில் இருக்கின்றன என்பதே அதன் குறை. இடத்துக்கு வாடகை வாங்குகிறவர், இடம் காலியாகக் கிடப்பதை விரும்புவாரா? யாக்ஞவல்கியர் ஸ்மிருதியும் சூதுக்கூடம் நடத்துபவருக்கு நூற்றுக்கு 5, சிறு ஆட்டக்காரரிடம் 10 என்று விதித்து, அதில் அரசனுக்குப் பங்கு வைக்கிறது. சிறிய ஆட்டக்காரன் இரட்டிப்பு விகிதம் கொடுக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அதே அத்தியாயத்தில் கௌடில்யர் ஒரு கூர்மையான பேச்சும் பேசுகிறார். சூதில் தகராறு வந்தால் வென்றவருக்கு ஒரு தண்டம், தோற்றவருக்கு அதைவிடக் கூடுதல் தண்டம் என்பது முந்தைய ஆசிரியர்கள் கொள்கை. தோற்றவன் முட்டாள்தனமாக வெல்ல ஆசைப்பட்டுத் தோல்வியைப் பொறுக்க மாட்டாதவன் என்பது அவர்கள் சொன்ன காரணம். கௌடில்யர் மறுக்கிறார். தோற்றவனுக்கு இரட்டிப்புத் தண்டம் என்றால் ஒருவனும் அரசனிடம் முறையிட வரமாட்டான் என்கிறார். சூதை ஒழுங்குபடுத்துவதில் இதைவிடப் பெரிய உண்மை இல்லை. ஏமாற்றின ஆட்டத்தைப் பற்றித் தகவல் வைத்திருப்பவன் தோற்றவன் ஒருவனே. அவன் வாயை மூடிவிட்டால் அதிகாரிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை.

திருவண்ணாமலைப் பகுதியின் கிராமங்களுக்கு இது தெரியாத செய்தி அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்தின் தாய்மண். செய்யாறு பக்கத்துப் புரிசையின் பெயர் கூத்து தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். துகிலுரிதல் கூத்து அன்று ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். சகுனியின் வஞ்சகம் என்று அந்தக் கதையை நாம் சுருக்கிவிடுகிறோம். ஆட்டம் நடந்த இடத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். அது அரசவை. கூடத்துக்குச் சொந்தக்காரர் திருதராட்டிரர். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவர் ஒருவருக்கே உண்டு. வியாச பாரதத்தில் அவர், ஜெயித்தாகிவிட்டதா, ஜெயித்தாகிவிட்டதா என்று ஆவலை அடக்கமாட்டாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஏனென்றால் வரவு அவர் மகன் பக்கம். நிறுத்தச் சொன்ன விதுரருக்கு அறிவு இருந்தது, அதிகாரம் இல்லை. தோற்றவர் பக்கத்திலிருந்து எழுந்த திரௌபதியின் கேள்விக்குச் சபை பதில் சொல்லவில்லை. மேற்பார்வையிட வேண்டியவருக்கு ஆட்டத்தில் லாபம் இருந்தால் என்ன ஆகும் என்பதை வேறு எந்தச் சட்டநூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

ஆங்கில ஆட்சி இந்த வேலைக்குத் தனி அதிகாரி வைக்கவில்லை. சென்னை நகரத்துக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம்; வெளியூர்களுக்கு 1930ஆம் ஆண்டின் சென்னை சூதாட்டச் சட்டம். 1911 வரை தென்னாற்காட்டிலும் அதற்குப் பின் வட ஆற்காட்டிலும் இருந்த திருவண்ணாமலைக்குப் பொருந்தியது இந்த 1930ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன் கட்டுமானம் முழுக்க ‘பொதுச் சூதாட்ட விடுதி’ என்ற ஓர் இடத்தின் மேல் நிற்கிறது. பிடியாணையோடு நுழையலாம், சீட்டுக்கட்டோ பகடையோ அகப்பட்டால் அதுவே சாட்சி, பணம் வைத்து ஆடினார்கள் என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, விடுதி நடத்துபவருக்கும் தண்டனை, அங்கே உட்கார்ந்திருந்தவருக்கும் தண்டனை. கௌடில்யர் எச்சரித்தது அப்படியே நடந்தது. கட்டைக்காரர் கட்டையில் ஈயம் வைத்திருந்தார் என்று புகார் சொல்லப் போகிறவன், நானும் ஆடினேன் என்று ஒப்புக்கொண்ட குற்றவாளியாகத்தான் காவல் நிலையப் படி ஏற வேண்டும். வடநாட்டுப் பகுதிகளுக்கான 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் தண்டத்தொகையில் ஒரு பகுதியைத் துப்புக் கொடுத்தவருக்குத் தரலாம் என்றது. தோற்றவனுக்கு ஒன்றும் இல்லை, காட்டிக் கொடுத்தவனுக்குப் பணம் என்பதே அந்த ஏற்பாடு.

இந்தச் சட்டங்களில் இன்னொரு கோடும் இருக்கிறது. அது பணக்காரனையும் ஏழையையும் பிரிக்கும் கோடு. 1930ஆம் ஆண்டுச் சட்டம் பந்தயம் கட்டுவதைச் சூதாக வைத்துவிட்டு, குதிரைப் பந்தயம் நடக்கும் நாளில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் கட்டும் பந்தயத்துக்கு விலக்கு அளித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1935இல், பந்தய வரிச் சட்டம் வந்தது. கிண்டியில் குதிரை மேல் கட்டும் பணம் கஜானாவுக்கு வரவு. சந்தையில் கட்டை மேல் வைக்கும் பணம் குற்றம். சுதந்திரத்துக்குப் பின் 1949இல் குதிரைப் பந்தயத்தை நிறுத்தச் சட்டம் இயற்றினார்கள், ஆனால் அது ஏட்டிலேயே கிடந்தது. 1970களின் நடுவில் கலைஞர் ஆட்சி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது வழக்கு மூண்டது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதல்ல என்று தீர்ப்பளித்தது. ரம்மிக்கு அந்தச் சலுகை 1967இலேயே ஆந்திர வழக்கில் கிடைத்திருந்தது. சட்டப்படி இந்தத் தீர்ப்புகளுக்கு நியாயம் இருக்கலாம். நடைமுறையில் மனமகிழ் மன்றத்து மேசையில் சீட்டு திறமை ஆனது, மரத்தடியில் அதே சீட்டு வழக்கு ஆனது.

பிறகு அரசே கடை போட்டது. கேரளம் 1967இல் லாட்டரி தொடங்கியது. 1968இல் அண்ணாவின் அரசு தமிழ்நாடு பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் அன்று பட்டி தொட்டி எங்கும் ஒலித்தது. அண்ணாவின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. மத்திய அரசின் கையை எதிர்பார்த்து நிற்கும் மாநிலம், பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் தேடிய காலம் அது. ஆனால் அந்த வாசகத்திலேயே கணக்கு சொல்லப்பட்டுவிட்டது: பெரும்பாலானவர்களுக்கு விழாது, அந்தப் பணம்தான் நாட்டுக்கு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவு, அரசு நடத்தாத, அரசு அனுமதிக்காத லாட்டரியைக் குற்றம் என்றது. அதே செயலை அரசு செய்தால் திட்டம். சூதைக் கண்காணிக்க வேண்டிய அரசின் அலுவலகம் சீட்டு எவ்வளவு விற்றது என்ற எண்ணிக்கையால் அளக்கப்படும் நிலை வந்தது. விற்பனை கூடினால் அது வெற்றி. சீட்டு வாங்கிக் கடனாளி ஆனவனைப் பற்றிய பத்தி எந்தப் படிவத்திலும் இருந்திருக்க முடியாது. இந்தத் துறையில் யார் தலைமை வகித்தாலும் இதே கதிதான். நேர்மையானவர் இருந்திருந்தால் விற்பனை இன்னும் கூடியிருக்கும்.

வெளிமாநிலச் சீட்டுகள் குவிந்தன, நாளுக்கு ஒரு குலுக்கல் என்பது ஓர் எண் லாட்டரியாகி மணிக்கு ஒரு குலுக்கல் என்றானது. பேருந்து நிலையத்தில் பேத்திக்குப் பால் வாங்கப் போன பெரியவரும் இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பிய காலம் அது. 2003 ஜனவரி 8 அன்று ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் ஒரே உத்தரவில் நிறுத்தியது. துணிச்சலான முடிவு, நான் மதிக்கிற முடிவு. அதே ஆண்டு நவம்பர் 29 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. ஒரே ஆட்சி, ஒரே ஆண்டு. மக்கள் நலன் என்ற ஒரே காரணம் இரண்டுக்கும் பொருந்தாது. சீட்டை விடுவது கஜானாவுக்குத் தாங்கக் கூடியது, சாராயத்தை விடுவது தாங்க முடியாதது என்பதுதான் வித்தியாசம். ஒரு தீமை அரசுக்குக் கொடுக்கும் பணத்தின் அளவு, அதை அரசு எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதை முடிவு செய்கிறது.

தடை செய்துவிட்டால் அதிகாரி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வலுவான கேள்விதான். ஒரு பொருளை ஒழுங்குபடுத்துவது என்றாலே அதை ஏற்றுக்கொள்வது. திருக்குறள் படித்த நாட்டில் சூதுக்கு ஓர் இயக்குநரா என்பது அவர்கள் வருத்தம். 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ், ரிக் வேதம் முதல் ஸ்மிருதிகள் வரை எடுத்துக்காட்டி, சூது வணிகமே ஆகாது, அதற்கு அரசியலமைப்பின் வணிக உரிமை கிடையாது என்று தீர்ப்பெழுதினார். ஆகவே தடை செய்ய மாநிலத்துக்கு முழு அதிகாரம் உண்டு. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 34ஆம் பதிவு அதைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறது. ஆனால் தடைக்குப் பின் என்ன நடந்தது என்று ஆரணியிலும் போளூரிலும் வந்தவாசியிலும் கேட்டுப் பார்க்கலாம். காட்டன் சூதாட்டம் என்று அங்கே ஒரு பெயர் புழங்குகிறது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க, முடிவு விலைகளின் மேல் பம்பாயில் பந்தயம் கட்டியதில் பிறந்த ஆட்டம் அது. பருத்தி விலை தந்தியில் வருவது 1961இல் நின்ற பிறகும், கல்யாண்ஜி பகத்தும் ரத்தன் கத்ரியும் மட்கா என்ற பெயரில் எண்ணை மட்டும் வைத்து அதைத் தொடர்ந்தார்கள். இங்கே துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுக்கிறார்கள். சீட்டில் அச்சடித்த பெயர் இல்லை, தேதி இல்லை. வென்றாலும் பணம் கிடைக்கும் என்பதற்கு எழுதியவரின் வாய்வார்த்தைதான் ஆதாரம். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் 2019 டிசம்பரில், மூன்று எண் லாட்டரியில் கடன்பட்ட ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகளோடு, முழுவதுமாக அழிந்தது. லாட்டரி தடை செய்யப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் முடிந்திருந்தன. தடை தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. தடை என்பது ஒரு நாள் உத்தரவு, மேற்பார்வை என்பது தினசரி வேலை. உத்தரவு போட்டுவிட்டு வேலையை யாருக்கும் கொடுக்காமல் விட்டால், தோற்றவன் போய் நிற்க ஓர் இடம் இல்லாமல் போகிறது.

நேர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். எப்படியும் ஆடத்தான் போகிறார்கள், அந்தப் பணத்தில் வரி வாங்கி மருத்துவமனை கட்டினால் என்ன தவறு? கேரளம் லாட்டரி வருமானத்தில் காருண்யா என்று ஏழை நோயாளிகளுக்கு உதவித் திட்டமே நடத்தவில்லையா? நடத்துகிறது, உதவி பெற்றவர்களுக்கு அது உயிர். ஆயினும் லங்கர் கட்டைக் கணக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நூறு ரூபாயில் எட்டு போனாலே மாடு விற்ற பணம் கரைந்துவிடுகிறது என்றால், 2023 அக்டோபர் முதல் இணையப் பண விளையாட்டில் வைக்கும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி என்று அந்த வரிக்கான மன்றம் முடிவு செய்தபோது, அந்தச் சுமை யார் தலையில் இறங்கியது? ஆடுபவனின் வைப்புத் தொகையில். வரியால் ஆட்டம் குறையும் என்று வாதிடலாம். ஆனால் வரி வரவுக்குப் பழகிவிட்ட துறை, ஆட்டம் குறைந்த ஆண்டில் மகிழ்ச்சி அடையாது. விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும்.

அதனால்தான் வருமானம் வாங்கும் கையையும் மேற்பார்வையிடும் கையையும் பிரிக்க வேண்டும் என்கிறேன். இரண்டும் ஒரே அரசின் கைகள்தானே, சட்டைப்பை ஒன்றுதானே என்று கேட்பார்கள். பை ஒன்றுதான், ஆனால் கோப்பு வேறு, பதவி உயர்வு வேறு, கேள்வி கேட்கும் மேலதிகாரி வேறு. கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி 1990களில் விடுதிகளையும் கப்பல்களையும் அனுமதித்தார்கள்; 2020இல் உள்ளூர்க்காரர்கள் நுழையத் தடை போட்டபோது, சூதாட்ட ஆணையராக அமர்த்தியது வணிகவரி ஆணையரை. வரி வசூலில் அவர் தேர்ந்தவராக இருக்கலாம். அந்தத் தேர்ச்சியே எனக்குக் கவலை தருகிறது. தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூர் இதை வேறு வகையில் செய்தது. 2010இல் இரண்டு சூதாட்ட விடுதிகளைத் திறக்கவிட்ட அந்த நாடு, சூதாட்ட வரியை உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் விட்டது. உரிமமும் சோதனையும் தனி ஆணையத்திடம். அது 2022 ஆகஸ்டில் எல்லாச் சூதுக்குமான ஒழுங்குமுறை ஆணையமாக விரிந்தது. அடிமையானவரை விடுதிக்குள் விடாதே என்று குடும்பத்தினர் விண்ணப்பிக்க வேறொரு தேசிய மன்றம். குடிமக்களிடம் நாளொன்றுக்கு வாங்கும் 150 வெள்ளி நுழைவுக் கட்டணமும் மேற்பார்வை ஆணையத்தின் செலவுக்குப் போவதில்லை. சிங்கப்பூர் செய்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை, விடுதியே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அம்மாவோ மனைவியோ போய் மனுக் கொடுக்க ஒரு சாளரம் அங்கே இருக்கிறது. அது தோற்றவர் பக்கத்துச் சாளரம்.

தமிழ்நாடு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது அடிபட்டுத்தான். கடன்பட்டு இளைஞர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர, 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டத்தையே இணையத்துக்கும் நீட்டி, திறமை விளையாட்டையும் சேர்த்துத் தடை செய்த அந்த ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. விடுதி என்ற இடத்தை நம்பி எழுதிய சட்டம், இடமே இல்லாத ஆட்டத்தின் முன் நின்று தோற்றது. பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். தற்கொலைத் தடுப்பில் வாழ்நாளைச் செலவிட்ட மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் உறுப்பினர். அந்தத் தேர்வு முக்கியமானது. சூதைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில், தோற்றவர்களின் முகத்தை நேரில் பார்த்த ஒருவர் உட்கார்ந்தார். 2022 அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேறியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஆணையத்தில் ஓய்வுபெற்ற தலைமைச் செயலர் நிலை அதிகாரி தலைவர்; காவல்துறை உயரதிகாரியோடு உளவியலாளருக்கும் இடம் உண்டு. 2025 பிப்ரவரி விதிமுறைகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டில் நுழைய முடியாது என்றன; ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை வர வேண்டும் என்றன; ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. நிறுவனங்கள் தனியுரிமை என்று எதிர்த்தன. உயர் நீதிமன்றம் ஜூன் 3 அன்று விதிகளை ஏற்றது. தூங்க வேண்டிய நேரத்தில் இழந்ததை மீட்க ஆடுபவன்தான் அதிகம் இழக்கிறான் என்பது தெரிந்தவர்களால்தான் அந்த ஐந்து மணி நேரத்தை எழுத முடியும். வருமானத்தை எண்ணிப் பார்க்கும் அலுவலகம் அப்படி ஒரு விதியை எழுதாது.

மூன்று மாதத்துக்குள் நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. மாநில ஆணையத்தின் வேலை குறைந்துவிட்டது என்று இப்போது பேச்சு எழும். குறையவில்லை. லாட்டரித் தடைக்குப் பின் மூன்று எண் சீட்டு வந்தது போல, இந்தத் தடைக்குப் பின் வெளிநாட்டுச் செயலிகளும் முகவர்களும் வருவார்கள், அவர்களைப் பற்றிய முதல் தகவல் பணத்தை இழந்த ஒருவரிடம்தான் இருக்கும். மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிக்கவில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராக வைத்து, நடத்தியவர், விளம்பரம் செய்தவர், பணப் பரிமாற்றம் செய்து கொடுத்தவர் என்று மற்றவர்களைத்தான் பிடிக்கிறது. தமிழ்நாட்டின் சட்டமோ இணையச் சூதாடியவருக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை தண்டம் என்று இன்னும் வைத்திருக்கிறது. 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. ஆரணியில் காட்டன் சீட்டு வாங்கி ஏமாந்த நெசவாளியும், திருவண்ணாமலையில் கைபேசியில் கல்லூரிக் கட்டணத்தை இழந்த மாணவரும் ஆணையத்துக்கு ஒரு புகார் எழுதினால் அது தங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும் என்று அஞ்சும் வரை, தலைவர் நாற்காலியில் எவ்வளவு அனுபவசாலி உட்கார்ந்தாலும் அவர் மேசைக்குத் தகவல் வராது. ஆடியவருக்கான அந்தத் தண்டனைப் பிரிவைச் சட்டமன்றம் நீக்க வேண்டும். நீக்கிவிட்டு, புகார் வாங்க ஆணையத்துக்கு மாவட்டந்தோறும் ஓர் அலுவலகம் கொடுக்க வேண்டும்.